கொல்லிமலைக்கு எந்த ஜன்னல்?

விமானத்தில் ஜன்னலோர இருக்கை கேட்பவர்கள் உண்டு. எந்தப் பக்கத்து ஜன்னல் என்று யோசிப்பவர்கள் குறைவு. பெங்களூரிலிருந்து திருச்சிக்குப் பறப்பவர் யோசித்தே ஆகவேண்டும். வரைபடத்தில் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சேர்வராயன் மலையை ஒட்டி வந்து, கொல்லிமலையின் கிழக்கு விளிம்போரமாகத் திருச்சியை நோக்கி அது இறங்கும். மலையின் பெரும்பகுதி கோட்டுக்கு மேற்கே, அதாவது பயணியின் வலக்கைப் பக்கம். இருக்கை எண்ணில் பெரும்பாலும் ‘எஃப்’. திரும்பி வரும்போது அதே மலை இடப்பக்கம், ‘ஏ’ வரிசைக்கு மாறிவிடும். திருச்சிக்குக் காலை விமானமே சரி. சூரியன் இடப்பக்கம் இருப்பதால் வெயில் மலைச்சரிவில் நேராக விழும், மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். மாலையில் அதே ஜன்னலில் வெயில் கண்ணைக் கூசவைக்கும், மலை கருத்த விளிம்பாக மட்டும் நிற்கும்.

பக்கம் சரியாக இருந்தும் இறக்கையைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறவர்கள் பலர். ஏர்பஸ் 320 வகையில் இறக்கை ஜன்னலுக்குக் கீழே, ஏறத்தாழ 10 முதல் 20 வரையான வரிசைகளை மறைக்கும். அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் என்ஜின் கக்கும் சூடான காற்றில் காட்சி கலங்கும். ஆகவே முன்வரிசைதான் நல்லது. ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களில் இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. சுழலும் விசிறிக்கும் அதன் பெட்டிக்கும் நேராக உள்ள வரிசைகளைத் தவிர்த்துப் பின்னால் போய்விட்டால் தரை முழுக்க நம் பார்வையில். வேகமும் உயரமும் குறைவு என்பது இன்னும் நல்லது.

இவ்வளவு கணக்கு எதற்கு, மலையைப் பார்க்க காரவள்ளியிலிருந்து பஸ் ஏறினால் போதாதா என்று கேட்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் அந்தப் பயணத்துக்கு ஈடில்லைதான். ஆனால் வளைவுக்கு வளைவு பள்ளம் பக்கம் மாறுகிறது; பாறையும் மரமும் தெரிகின்றன, மலையின் உருவம் தெரிவதில்லை. மேலிருந்து பார்த்தால்தான் கொல்லிமலை கூம்பு அல்ல, சுற்றிலும் செங்குத்தான சுவர் எழுப்பிய மேட்டுநிலம் என்பது விளங்குகிறது. கிழக்கே பச்சைமலை, வடமேற்கே சேர்வராயன், நடுவில் சமவெளி. யாரோடும் ஒட்டாமல் நிற்கிறது. உச்சியோ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் ஏறி இறங்கும் குன்றுகளும் பள்ளத்தாக்குகளும். பள்ளத்தில் படிப்படியாக வெட்டிய நெல்வயல்கள் வெளிர்பச்சை. மேட்டில் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும் காப்பியும் அடர்பச்சை. பெரக்கரை நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று மலை மேலுள்ள ஊராட்சிகள் பலவும் இன்றும் ‘நாடு’ என்றே பெயர் தாங்குவதை இந்த நில அமைப்போடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். கிழக்கு விளிம்பில் அய்யாறு ஆகாயகங்கையாக விழுந்து புளியஞ்சோலைக்கு இறங்கும் ஆழமான வெட்டும் இந்தப் பக்கத்து ஜன்னலுக்கே உரியது.

மேலிருந்து மனிதர் தெரிவதில்லையே என்பது நியாயமான குறை. பெரக்கரை நாட்டு விவசாயி என்ன பாடுபடுகிறார் என்பதை எந்த ஜன்னலும் காட்டாது. அதற்கு மலையேறித்தான் ஆகவேண்டும். ஆனால் ஒரு மூட்டை மிளகு சந்தைக்குப் போக எவ்வளவு செங்குத்தைக் கடக்கிறது என்று முழுதாகக் காட்டுவது இந்த உயரம்தான். மேகமும் மழையும் பாதையை விலக்கினால் மலை மறுபக்கம் போய்விடலாம் என்பதும் உண்மை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம்; சித்திரையில் வெப்பப் புழுதி மறைக்கும். மழை ஓய்ந்து, பனிமூட்டம் விலகிய தை மாதக் காலைகள்தான் தோது. இருக்கைக்குக் கூடுதல் கட்டணம் கேட்டால் அந்த மாதத்தில் தயங்காமல் கொடுக்கலாம்.