வட்டத்தொட்டி: பாராட்டவும் பரிந்துரைக்கவும் ஒரு முற்றம்

வட்டத்தொட்டி என்பது ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த தம் வீட்டில் நடத்திவந்த இலக்கியக் கூட்டத்தின் பெயர். நடுவே வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமும் உள்ள வீட்டைத் தொட்டிக்கட்டு வீடு என்பார்கள். டி.கே.சி. வீட்டு முற்றம் வட்டமாக அமைந்திருந்ததால் அங்கே கூடியவர்களின் கூட்டத்துக்கும் அதுவே பெயராயிற்று. 1920களில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் அங்கே கூடினர். பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் தங்கியபோது கூட்டமும் அவரைத் தேடி அங்கே போனது.

இலக்கிய வரலாறுகள் வட்டத்தொட்டியைக் கம்பன் ரசனை பரவிய இடமாகக் குறிப்பிடும். அது சரிதான். ஆனால் அங்கே வந்தவர்களில் பலர் முழுநேரப் புலவர்கள் அல்லர். கோர்ட்டிலும் தாலுகா கச்சேரியிலும் கல்லூரியிலும் பத்திரிகையிலும் வேலை பார்த்தவர்கள். உடன் பணிபுரிபவரை எப்படிப் பாராட்டுவது, ஒரு நூலை இன்னொருவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த முற்றத்தில் விடை இருக்கிறது. அதன் குறையும் சேர்த்தே பார்க்கத் தக்கது.

கல்லில் ஒரு பாராட்டு

வண்ணாரப்பேட்டைக்கு அருகிலேயே தாமிரபரணியின் குறுக்கே சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. அது கட்டப்படும் முன் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடக்கப் படகைத்தான் நம்ப வேண்டியிருந்தது. தாம்சன் கலெக்டராக இருந்தபோது பாலம் வேண்டும் என்று முடிவாயிற்று. பணத்துக்கு வழி இல்லாதபோது, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். பொறியாளர் ஹார்ஸ்லியின் வடிவமைப்பில் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. கலெக்டர் பெயரோ ராணி பெயரோ வைக்கப்பட்டிருந்தால் அந்தக் காலத்தில் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். வைக்கப்பட்டது சிரஸ்தாரின் பெயர். கும்பினி ஆட்சியில் ஓர் அலுவலகம் தன் இந்திய ஊழியருக்குச் செய்த மரியாதைகளில் இது அபூர்வமானது. இன்றும் பேருந்து நடத்துநர்கள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

எல்லாரும் பாலம் கட்டித் தர முடியாது. அலுவலகங்களில் நடப்பவை சிறிய காரியங்கள். குழப்பமில்லாமல் எழுதிய ஒரு குறிப்பு, கோபமாக வந்த மனுதாரரை உட்காரவைத்துப் பேசிய பொறுமை, விடுப்பில் போனவரின் வேலையையும் சேர்த்துப் பார்த்தது: இவற்றுக்குக் கல்வெட்டு கிடையாது. யாராவது கவனித்து வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. நம்மிடம் அதற்குக் கூச்சம் அதிகம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்பார்கள், தலைக்கனம் ஏறிவிடும் என்பார்கள். நெல்லைப் பக்கத்தில் நெருங்கியவரைப் பாராட்டுவது பாதி நேரம் வைவது போலவே இருக்கும். பதவி உயர்வு வந்தால் அல்வாப் பொட்டலத்தோடு சரி. (‘அல்வா கொடுப்பது’ என்றால் ஏமாற்றுவது என்று பேச்சுவழக்கில் பொருள் ஏறிவிட்டது. காரணம் சொல்லாத புகழ்ச்சிக்கு அந்த இரண்டாவது பொருள் நன்றாகவே பொருந்தும்.)

டி.கே.சி. பாராட்டிய விதம்

டி.கே.சி. சட்டம் படித்தவர். வழக்கறிஞர் தொழிலில் அவர் மனம் அதிகம் ஒட்டவில்லை. 1927 முதல் 1930 வரை சென்னை மாகாணச் சட்டமேலவையில் உறுப்பினராக இருந்தார். அதன்பின் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராகப் பணியாற்றினார். ஆக, கோப்புகளும் கூட்டங்களும் நிறைந்த வாழ்க்கை அவருக்கும் தெரியும்.

ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் அவர் அவசரப்படுவதில்லை. பாட்டு எழுந்த சூழலை முதலில் கதையாகச் சொல்வார். கேட்பவர் மனம் அந்த இடத்துக்குப் போய் நின்றபிறகுதான் பாட்டு வரும். இசையோடு சொல்வார், திரும்பவும் சொல்வார். எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும், எங்கே தாளம் மாறுகிறது என்பதைக் குரலாலேயே காட்டிவிடுவார். பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்று போகும் பழைய முறையை அவர் கைக்கொள்ளவில்லை. அச்சிட்டபோதும் சீர்களைச் சந்தி பிரித்து, வாய்விட்டுப் படிக்க ஏற்ற வகையில் தந்தார். பாட்டுக்கு உருவம் உண்டு, அந்த உருவத்தோடுதான் உணர்ச்சி வந்து சேரும் என்பது அவர் அடிக்கடி வற்புறுத்திய கருத்து.

பெரிய கவி, சின்னக் கவி என்ற பேதமும் அவரிடம் குறைவு. முத்தொள்ளாயிரத்தைப் பாராட்டிய அதே வாயால் நாட்டுப்பாடலையும் பாராட்டினார். தம் காலத்தில் வாழ்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் எளிய பாடல்களைப் போகுமிடமெல்லாம் சொல்லிப் பரப்பினார். இறந்துபோன கவிஞரைப் புகழ்வது எளிது. உடன் வாழ்பவரைப் புகழ மனம் வேண்டும். அந்த மனம் அவரிடம் தாராளமாக இருந்தது. நேரில் வர முடியாதவர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் பின்னர் நூல்களாகவே தொகுக்கப்பட்டன.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது, அவருடைய பாராட்டு இடம் சுட்டிச் சொல்வது. ‘அருமை’ என்பதோடு அவர் நிற்கவில்லை. எந்தச் சொல், எந்த நிறுத்தம், அது என்ன செய்தது என்று விரல் வைத்துக் காட்டினார். இதையே அலுவலகத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ‘நல்லா எழுதியிருக்கீங்க, சார்’ என்றால் கேட்பவர் சிரித்துவிட்டுப் போவார். ‘மனுதாரர் கேட்டதுக்குப் பதிலை முதல் வரியிலயே சொல்லிட்டு, விதியை அப்புறமா எழுதினீங்க பாருங்க, அதனாலதான் அவர் ரெண்டாவது தடவை அலையல’ என்றால், அடுத்த குறிப்பையும் அவர் அப்படியே எழுதுவார். முதல் வாக்கியம் ஆளைப் புகழ்கிறது. இரண்டாவது வேலையைப் பார்த்ததற்குச் சாட்சி சொல்கிறது.

முற்றத்திலிருந்து போனவர்கள்

வட்டத்தொட்டியோடு தொடர்புடையவர்களில் ஒருவர் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான். வருவாய்த் துறையில் பணியாற்றி மாவட்ட ஆட்சியராக உயர்ந்தவர். தஞ்சாவூர்க் கலைக்கூடம் 1951-ல் உருவாக உழைத்தவர்களில் ஒருவர். ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்ற அவருடைய கோயில் கட்டுரைகளைப் படித்தால், முற்றத்தில் உட்கார்ந்து கதை சொல்லும் தொனி அப்படியே கேட்கும். எஸ். மகாராஜன் நீதித்துறையில் உயர்ந்து சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தென்திருப்பேரையைச் சேர்ந்த பி.ஸ்ரீ., ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாசராகவன் ஆகியோரும் இந்த வட்டத்தினரே. வெளியூரிலிருந்து ராஜாஜியும் கல்கியும் டி.கே.சி.யின் நெருங்கிய நண்பர்களாக இருந்தனர். காரைக்குடியில் சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கியதற்கும் டி.கே.சி. தந்த ஊக்கம் பெரிய துணை.

குற்றாலத்துக்கு வந்துபோனவர்களில் இரண்டு இளைஞர்களைத் தனியே சொல்ல வேண்டும். கோவில்பட்டிக்கு அருகில் உள்ள இடைசெவலைச் சேர்ந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஒரே ஊர்க்காரர்கள், ஏறக்குறைய ஒரே வயதினர். இருவருக்கும் இசைப்பித்தும் உண்டு. அழகிரிசாமி சென்னைக்குப் போய்ப் பத்திரிகை வேலை பார்த்தபோது கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்துள்ளன. ஒருவர் படித்ததை மற்றவருக்குச் சொல்வது, கேட்ட பாட்டைப் பற்றி எழுதுவது, எழுதச் சொல்லித் தூண்டுவது என்று இரண்டு சக எழுத்தாளர்கள் எப்படி ஒருவரையொருவர் வளர்க்க முடியும் என்பதற்கு அவை நல்ல சான்று. பிற்காலத்தில் இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது: அழகிரிசாமிக்கு 1970-ல், கி.ரா.வுக்கு 1991-ல். ஒரு சிறு கிராமத்துக்கு இது பெரிய கணக்குதான்.

‘ஆமா’ போடுபவர்

இதே வட்டாரத்தின் கோயில் கொடைகளில் நடக்கும் வில்லுப்பாட்டில் பாராட்டின் இன்னொரு வடிவத்தைக் கேட்கலாம். வில்லின் முன் அமர்ந்து வீசுகோலால் தட்டிக் கதை சொல்பவர் புலவர். குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று மற்றவர்கள் சுற்றி இருப்பார்கள். புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்பார். இடையில் ஒரு கேள்வி கேட்பார், கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வார். இது புகழ்ச்சி அல்ல. ‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லும்’ என்ற உறுதி. அந்த ‘ஆமா’ சோர்ந்தால் கதை சோர்ந்துவிடும். திருநெல்வேலிக்கு அருகில் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்தக் கலையை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுசென்றார். அவருடைய நிகழ்ச்சிகளைக் கேட்பவர்கள் அடுத்த முறை புலவரை விட்டுவிட்டு, பின்பாட்டுக்காரரை மட்டும் கவனித்துப் பார்க்கலாம். கூட்டத்தில் பேசும் சக ஊழியரைப் பார்த்துத் தலையசைக்காமல் கைப்பேசியை நோண்டுபவர்களுக்கு அது ஒரு நல்ல பயிற்சி.

ரசனை தீர்ப்பாகும்போது

டி.கே.சி.யின் பாராட்டுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. கம்பராமாயணம் என்று நமக்குக் கிடைத்திருப்பவை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அவற்றில் மிகப் பலவற்றைக் கம்பர் பாடியிருக்க முடியாது, பிற்காலத்தார் இடைச்செருகியவை என்று டி.கே.சி. தள்ளினார். ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்ற பெயரில் தாம் ஏற்றுக்கொண்டவற்றை மட்டும் தந்தார். ஏற்றுக்கொண்ட பாடல்களிலும் சில சொற்களைத் திருத்தினார். இதற்கெல்லாம் அவர் காட்டிய முதன்மையான ஆதாரம் அவருடைய ரசனைதான்: கம்பர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்ற உறுதி.

இதே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எஸ். வையாபுரிப்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக இருந்தவர். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு, கிடைக்கும் பாடங்களை எடைபோட்டு, சான்று இருக்கும் இடத்தில் மட்டுமே முடிவு சொல்லும் மரபு அவருடையது. அந்த மரபில் பயின்றவர்கள் டி.கே.சி.யின் திருத்தங்களை ஏற்பது கடினம். என் பார்வையில், வாசகனுக்கு வழிகாட்டியாக டி.கே.சி.க்கு நிகர் குறைவு, பதிப்பாசிரியராக அவரைப் பின்பற்ற முடியாது. கட்டுரை எழுதும் மாணவர்கள் அவர் நூலிலிருந்து கம்பன் பாடலை எடுத்தால், வேறொரு பதிப்போடு ஒப்பிட்ட பிறகே மேற்கோளாகக் காட்ட வேண்டும்.

அலுவலகத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒருவருடைய வேலை நமக்குப் பிடித்திருப்பது வேறு, வேலைத்திறனை மதிப்பிடுவது வேறு. நமக்குப் பிடித்த நடையில் பேசுபவரையே திரும்பத் திரும்பப் பாராட்டிக்கொண்டிருந்தால், பேசாமல் வேலை பார்ப்பவர் கணக்கிலேயே வராமல் போவார். முற்றத்தில் அழகாக இருந்த பழக்கம் பதவி உயர்வுப் பட்டியலில் அநியாயமாகிவிடும்.

படிக்க, கேட்க

ஒரு நூலைப் பரிந்துரைப்பவர் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்பதற்கு 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஒரு பட்டியலே தருகிறது. எழுதியவர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், எதற்குப்பின் எதைப் படிப்பது என்ற இயைபு, சொல்லும் பொருள், யார் படிக்கத் தக்கது, படித்தால் என்ன பயன் என்பவை அவை. சிறப்புப்பாயிரம் பாடத் தகுந்தவர்களையும் அது சொல்கிறது: ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதும் அங்கேயே வருகிறது. உடன் படித்தவர் இரண்டாவது இடத்திலேயே வந்துவிடுவது கவனிக்கத் தக்கது.

அந்த முறைப்படி சில. டி.கே.சி.யைப் படிக்க விரும்புபவர் கட்டுரைத் தொகுப்பான ‘இதய ஒலி’யில் தொடங்கலாம். தமிழ்ப்பாடத்தில் செய்யுள் பகுதியைக் கண்டாலே ஓடுபவர்களுக்கு அது ஏற்றது. கம்பனை அதற்குப் பிறகு எடுத்தால் போதும். பாஸ்கரத் தொண்டைமானின் தம்பி தொ.மு.சி. ரகுநாதன் முற்றிலும் வேறு பாதையில் போனவர். அம்பாசமுத்திரத்து நெசவாளர்களைப் பற்றிய அவருடைய ‘பஞ்சும் பசியும்’ நாவல், இதே ஆற்றங்கரையில் ரசனைக்கு நேரமில்லாமல் வாழ்ந்தவர்களைக் காட்டும். ‘இதய ஒலி’யோடு சேர்த்துப் படித்தால் இரண்டும் ஒன்றையொன்று திருத்தும். கி.ரா.வை அறியாதவர்களுக்கு ‘கோபல்ல கிராமம்’.

கேட்க விரும்புபவர்களுக்கு, சேரன்மகாதேவிப் பக்கத்துக் காருகுறிச்சியில் பிறந்த அருணாசலத்தின் நாதசுரம். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’ பலருக்குத் தெரியும். திரையில் ஜெமினி கணேசன் வாசிப்பதாகவும் சாவித்திரி பாடுவதாகவும் காட்சி. இருவரையும் மறந்து கண்ணை மூடிக் கேட்பது நல்லது. குரல் போன இடத்துக்கு நாதசுரமும், நாதசுரம் போன இடத்துக்குக் குரலும் போவது அப்போதுதான் தெளிவாகக் கேட்கும்.

ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருந்தால் கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ சிறுகதை. பத்திரிகை வேலை பார்க்கும் ஒருவர், தம்மிடம் புத்தகம் வாங்கிப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஒட்டிப் பழகுகிறார். அவர்களில் சிலருக்குப் பெயர் எழுதி டைரி தருகிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு நாள் அவரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி, உட்காரவைத்து உபசரிக்கிறான். பிறகு தானே வைத்திருந்த ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரும்படி கேட்கிறான்.