சென்னைக்கு மேலே ஒரு குளிர் மூடி

மே மாதத்தில் மயிலாப்பூர்க்காரர்கள் பகல் பதினொரு மணிக்கே கடல் காற்றை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். வெயிலில் தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் நிதானமாகத்தான் சூடாகும். தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலே எழ, கடல் மேலிருந்த குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சாந்தோமையும் பெசன்ட் நகரையும் முதலில் தொடும், தி. நகருக்குச் சற்றுப் பிந்திப் போகும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல் காற்று கரையிலேயே தடைபட்டு நிற்கும். அன்று நகரம் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். 2003 மே 31 அன்று 45 டிகிரி.

இவ்வளவு பெரிய நகரத்தை ஆற்றும் அந்தக் காற்றின் கனம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். அதற்கு மேலே இருப்பதை அறிய மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை பலூன் பறக்கவிடுகிறது. அதில் தொங்கும் சிறு கருவி வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் எல்லாவற்றையும் அளந்து வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே ஏறும். கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குளிர் கூடும். ஐந்தரை கிலோமீட்டரைக் கடக்கும்போது பூமியின் மொத்தக் காற்றில் பாதி பலூனுக்குக் கீழே போய்விடுகிறது.

சுமார் 17 கிலோமீட்டரில் வளிமண்டலத்தின் கீழடுக்கு முடிகிறது. மயிலாப்பூரிலிருந்து தாம்பரம் போகும் தூரம்கூட இல்லை; மழை, புயல், இடி எல்லாம் ஏறக்குறைய இதற்குள்தான். துருவங்களில் இந்த எல்லை எட்டு கிலோமீட்டர் அளவிலேயே வந்துவிடும். வெப்பமண்டலத்தில் காற்று அதிக உயரம் எழுவதால் எல்லையும் உயர்கிறது, குளிரும் கடுமையாகிறது. கீழே நாம் வியர்த்துக்கொண்டிருக்க, நம் தலைக்கு நேர் மேலே மைனஸ் 80 டிகிரி!

இந்தக் குளிரை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. மேலே ஏறும் நீராவியில் பெரும்பகுதி மழையாகித் திரும்பிவிடும். மிஞ்சியது இந்தக் குளிரில் உறைந்துபோகிறது. தப்பித்து மேலே போயிருந்தால் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அதை உடைத்திருக்கும். அதிலுள்ள ஹைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக விண்வெளிக்குக் கசிந்திருக்கும். பூமியின் கடல்கள் வற்றாமல் இருப்பதில் இந்தக் குளிர் மூடிக்குப் பெரும் பங்கு உண்டு.

அதைத் தாண்டினால் மீள் அடுக்கு. அங்கே ஓசோன் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதால் மேலே போகப்போக வெப்பம் கூடுகிறது. அழுத்தம் குறையக் குறையப் பலூன் ஊதிப் பெருத்து, 30 கிலோமீட்டர் அளவில் வெடித்துவிடும். அதற்குள் அது அனுப்பிய அளவீடுகள் அன்றைய வானிலைக் கணிப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.