நீரைத் திரவமாக்கும் பிணைப்பு

ஓர் அணுவின் வெளிக்கூட்டிலுள்ள எலக்ட்ரான்களே அதன் வேதிப் பண்புகளைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. ஆக்சிஜன், கந்தகம் ஆகிய இரண்டின் வெளிக்கூட்டிலும் 6 எலக்ட்ரான்கள் உள்ளமையால், தனிம வரிசை அட்டவணையில் அவை ஒரே தொகுதியில் அமைகின்றன. இரு ஹைட்ரஜன் அணுக்களுடன் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு ஒன்று நீரையும் மற்றது ஹைட்ரஜன் சல்பைடையும் தருகிறது. ஆயினும், எடை மிகுந்த ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிறது; நீர் கொதிக்க 100 டிகிரி தேவைப்படுகிறது.

காரணம் யாது? ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன்பால் வலுவாக ஈர்க்கிறது. அதனால் சற்றே நேர்மின் தன்மை பெறும் ஹைட்ரஜன், அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனை நாடுகிறது. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. இஃது இன்றேல் புவியில் ஆறும் ஏரியும் இரா.

ஃபுளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகிய மூன்றுடன் மட்டுமே இப்பிணைப்பு உண்டாகும் எனப் பாடநூல்கள் பல கூறி வந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் அருணன் தலைமையிலான 14 அறிவியலாளர் குழுவின் பரிந்துரைப்படி, 2011-இல் சர்வதேச அளவில் புதிய வரையறை வெளியாயிற்று. ஹைட்ரஜனைக் காட்டிலும் எலக்ட்ரான் ஈர்ப்பு மிகுந்த எவ்வணுவுடன் இணைந்த ஹைட்ரஜனும் இப்பிணைப்பில் ஈடுபடலாம். பிணைப்பு உருவானதற்குச் சான்று வேண்டும் என்பதே அதன் சாரம். மிகக் குளிர்ந்த நிலையில் ஹைட்ரஜன் சல்பைடு மூலக்கூறுகளிடையேயும் இப்பிணைப்பு உண்டென 2018-இல் அருணனும் உடன் ஆய்வாளர்களும் உறுதிப்படுத்தினர்.

ஆகவே, மூன்று பெயர்களை மனப்பாடம் செய்விப்பதினும், சான்றை ஆராயப் பயிற்றுவிப்பதே பாடத்திட்டம் வகுப்போரின் கடமையாகும்.