மாத்திரை போட்டதையே மறக்கிறாரா இதய நோயாளி? ‘வயசாயிடுச்சு’ன்னு விட்டுடாதீங்க!

“காலையில மாத்திரை போட்டீங்களாப்பா?” என்று கேட்டால், “போட்ட மாதிரிதான் இருக்கு” என்று பதில் வரும். அட்டையை எடுத்துப் பார்த்தால் நேற்றைய மாத்திரையும் அப்படியே இருக்கும். உடனே ‘பிடிவாதம்’, ‘வயசாயிடுச்சு’ என்று வீட்டில் பேச்சு கிளம்பும். ஆனால், இதயம் பலவீனமானதும் இந்த மறதிக்கு ஒரு காரணமாக இருக்கலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் 10-ல் சுமார் 4 பேருக்கு ஞாபகசக்தி, கவனம், திட்டமிடல் ஆகியவற்றில் ஏதாவது ஒரு குறைபாடு இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன.

இதயச் செயலிழப்புன்னா என்ன?

பெயரைக் கேட்டு, இதயம் நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் பம்ப் செய்ய முடியாத நிலைதான் ‘ஹார்ட் ஃபெயிலியர்’. மாரடைப்பு, நீண்டநாள் ரத்த அழுத்தம், வால்வு கோளாறு என இதற்குப் பல காரணங்கள் உண்டு.

மூளைக்கு என்ன சம்பந்தம்?

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஆனால், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் மூளைக்கே போகிறது. ரத்த ஓட்டம் நாள்கணக்கில் குறைந்தால் மூளையும் பாதிக்கப்படும். சீரற்ற இதயத் துடிப்பு இருந்தால், ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போய் அடைக்கும் அபாயமும் உண்டு.

முதலில் எதில் தெரியும்?

குளிப்பது, சாப்பிடுவது, உடை மாற்றுவது போன்றவை பெரும்பாலும் கடைசியில்தான் பாதிக்கப்படும். அதற்கு முன்பே தடுமாறுவது யோசித்துச் செய்ய வேண்டிய வேலைகளில்தான். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பஸ் பயணம், மாத்திரை, பணக் கணக்கு என 8 வேலைகள் கொண்ட பட்டியல் ஒன்றை 1969-ல் லாட்டன், பிராடி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஒருவர் தனித்து இயங்க முடிகிறதா என்று பார்க்க இன்றும் இது பயன்படுகிறது.

இதில் என்ன ஆபத்து?

இந்த நோயில் பாதி சிகிச்சை வீட்டில்தான் நடக்கிறது. வேளைக்கு மாத்திரை, உப்பில் கட்டுப்பாடு, தினமும் எடை பார்ப்பது என எல்லாவற்றுக்கும் ஞாபகம் வேண்டும். நீர் பிரியும் மாத்திரையை விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மறந்துபோய் இரண்டு முறை போட்டால் பிரஷர் இறங்கி மயக்கம் வரும். இதயம் பலவீனமானால் மறதி, மறதியால் மாத்திரை தவறுகிறது, அதனால் இதயம் மேலும் பலவீனமாகிறது. இந்தச் சுழலை உடைப்பதுதான் முக்கியம்.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?

மூச்சு வாங்குவதை மட்டும் சொல்லாமல், மறதியையும் சொல்லுங்க. ரத்தசோகை, தைராய்டு, சோடியம் குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவையும் மறதியைக் கொண்டுவரலாம். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கடிகாரம் வரைவது, சொற்களை நினைவுகூர்வது என 30 மதிப்பெண்ணுக்கான ‘மோக்கா’ பரிசோதனையை சுமார் 10 நிமிடத்தில் முடித்துவிடலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* காலை, மதியம், இரவு என அறை பிரித்த மாத்திரை டப்பா வாங்கி, வாரம் ஒருமுறை நிரப்பிக் கொடுங்க. போனில் அலாரம் வையுங்க.

* தினமும் காலையில் எடை பார்த்து காலண்டரில் எழுதச் சொல்லுங்க. 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் டாக்டரிடம் பேசுங்க.

* ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையும் வேண்டாம். ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை உடலில் நீரைத் தேக்கும்.

* எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாதீங்க. பணக் கணக்கில் தடுமாறுபவர் காய்கறி வாங்கி வரலாம். முடிந்ததை அவரே செய்யட்டும். தடுமாறும் இடத்தில் மட்டும் கை கொடுங்க.

எப்போது உடனே ஓடணும்?

மறதி மெதுவாக வந்தால் அடுத்த செக்-அப்பில் சொல்லலாம். ஆனால் திடீர் குழப்பம், பேச்சுக் குழறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை, கால் பலவீனம், படுத்தால் மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்க. போகும்போது மாத்திரைச் சீட்டையும் கையில் எடுத்துக்கோங்க.