ரத்தக் காட்டேரியும் மின்விளக்கும்

சூரிய வெளிச்சம் பட்டால் ரத்தக் காட்டேரி எரிந்து சாம்பலாகும் என்பது பேய்ப் படம் பார்க்கும் எவருக்கும் தெரிந்த விதி. அந்த விதிக்கு வயது நூறைச் சற்றே தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட 'டிராகுலா' நாவலில் காட்டேரியான டிராகுலா பிரபு லண்டனின் பிக்கடில்லி தெருவில் பகலிலேயே நடமாடுகிறார். பகலில் அவருடைய மாய சக்திகள் அடங்கியிருக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. முடிவில் அவரை வீழ்த்துவதும் கத்திகள்தான், அதுவும் சூரியன் மறையும் தறுவாயில். அதற்கும் முந்தைய கதைகளில் நிலவொளி காட்டேரிக்கு மருந்தாகவே இருந்தது. ஜான் பாலிடோரியின் 1819-ஆம் ஆண்டுக் கதையில், நிலவின் முதல் கதிர் படும்படி காட்டேரியான ருத்வென் பிரபுவின் சடலத்தை மலையுச்சியில் கிடத்துகிறார்கள். அவர் மீண்டும் எழுந்து வந்துவிடுகிறார்.

ஸ்டோக்கருக்கு விளக்குகளைப் பற்றி நன்றாகவே தெரியும். லண்டன் லைசியம் நாடக அரங்கின் நிர்வாகியாகப் பல ஆண்டுகள் இருந்தவர் அவர். அங்கே நாயக நடிகராக இருந்த ஹென்றி இர்விங், மின்சாரம் வந்த பின்னும் கேஸ் விளக்கின் மென்மையான ஒளியையே மேடைக்கு விரும்பினார். அவரது மேடை ஒளியமைப்பைப் பற்றி ஸ்டோக்கர் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். நாவலில் மின்விளக்கு வேட்டைக்காரர்களின் பக்கம் நிற்கிறது: மார்பில் மாட்டிக்கொள்ளும் சிறு மின்விளக்குகளை அவர்களின் தலைவர் வான் ஹெல்சிங் கூட்டாளிகளுக்குக் கொடுக்கிறார். அவை இருட்டில் வழி காட்டும். பிரபுவை ஒன்றும் செய்யாது.

சூரியனைக் கொலையாளி ஆக்கியது சினிமா. 1922-இல் எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கிய ஜெர்மன் மௌனப் படமான 'நோஸ்ஃபெராட்டு'வில், விடியற்காலை வெளிச்சத்தில் ஓர்லாக் பிரபு புகையாகக் கரைந்துபோகிறார். இந்த முடிவைத் தந்த படத்தின் இரவே செயற்கையானது. அன்றைய பிலிம் சுருள்கள் இருட்டில் படம் பிடிக்கும் அளவுக்கு நுண்ணுணர்வு கொண்டவை அல்ல. அதனால் பல இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்துவிட்டு, பிரதிகளுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். பின்னாளில் சாயமில்லாத கறுப்பு வெள்ளைப் பிரதிகளைப் பார்த்தவர்களுக்கு, வெயிலில் சாகவேண்டிய ஓர்லாக் பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஊருக்குள் நடப்பதுதான் தெரிந்தது!

சூரியன் கொல்லும் என்றால் விளக்கு என்ன செய்யும்? இந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கையாண்ட படம் 1994-இல் வந்த 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்'. ஆன் ரைஸின் 1976-ஆம் ஆண்டு நாவல் அதன் மூலம். பாழடைந்த வீட்டில் ஒடுங்கிக் கிடக்கும் காட்டேரி லெஸ்டாட், ஹெலிகாப்டரின் தேடுவிளக்கு ஜன்னல் வழியே பாய்ந்ததும் நடுங்கிப்போகிறான். அது பொய் வெளிச்சம், சுடாது என்று இன்னொரு காட்டேரியான லூயி தேற்ற வேண்டியிருக்கிறது. அதே லூயி இரண்டு நூற்றாண்டுகளாகக் காணாத சூரியோதயத்தைத் திரையரங்கின் இருட்டில் கண்டு பரவசப்படுகிறான். திரையில் ஓடும் படங்களில் ஒன்று முர்னாவின் 'சன்ரைஸ்'. விளக்கொளி ஒருவனுக்குப் பீதி, இன்னொருவனுக்குப் பரிசு. இதற்கு இணையான காட்சி இந்த வகைக் கதைகளில் அரிது.

பிறகு வந்தவர்கள் அறிவியலைத் துணைக்கு அழைத்தார்கள். கொல்வது சூரியன் அல்ல, அதிலுள்ள புற ஊதாக் கதிர் என்றாயிற்று. 1998-இன் 'பிளேடு' படத்தில் புற ஊதா விளக்கு சித்திரவதைக் கருவி. காட்டேரிகளோ வெயில் தடுப்புக் களிம்பு பூசிக்கொள்கின்றன. 2003-இன் 'அண்டர்வேர்ல்டு' படத்தில் ஓநாய் மனிதர்களின் துப்பாக்கிக் குண்டுக்குள்ளேயே அந்த ஒளி அடைபட்டிருக்கிறது.

இந்த விளக்கத்தை ஏற்றால் தெருவிளக்குகளால் காட்டேரிக்குக் கவலையே இல்லை. இழை பல்பில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு, வெள்ளை எல்.இ.டி.யில் ஏறக்குறைய இல்லை. டியூப்லைட்டின் உள்ளே பாதரச ஆவி வெளியிடுவது பெரும்பாலும் புற ஊதாக் கதிர்தான். ஆனால் குழாயின் உட்பூச்சு அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றிவிடுகிறது. நிலவொளியும் சூரிய ஒளியின் எதிரொளிதானே என்று கேட்கலாம். முழுநிலவு சூரியனைவிடச் சுமார் நான்கு லட்சம் மடங்கு மங்கல் என்பதால் எழுத்தாளர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே நகர விளக்குகள் காட்டேரியைச் சுடுவதில்லை, ஆனால் காட்டிக்கொடுக்கின்றன. பதுங்க இருட்டு இல்லாத ஊரில் அதற்கு வேட்டையும் கடினம். ஸ்டீவ் நைல்ஸ் எழுதி, பென் டெம்பிள்ஸ்மித் வரைந்த '30 டேஸ் ஆஃப் நைட்' என்ற 2002-ஆம் ஆண்டு காமிக்ஸ் அலாஸ்காவின் பாரோ ஊரைத் தேர்ந்தெடுத்தது இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு. நிஜத்தில் அங்கே குளிர்காலத்தில் இரண்டு மாதங்களுக்கும் மேல் சூரியன் உதிப்பதில்லை. 2007-இல் வந்த அதன் திரைவடிவத்தில் காட்டேரிகள் ஊரின் மின்சாரத்தையும் துண்டித்துவிடுகின்றன. அங்கே அவற்றில் ஒன்றைச் சுட்டெரிப்பது, வீட்டுக்குள் கஞ்சாச் செடி வளர்க்க ஒரு பாட்டி வைத்திருந்த புற ஊதா விளக்கு.