கணினிக்குள் கட்டிய வீடு யாருக்குச் சொந்தம்?



நிலம் வாங்கினால் பட்டா உண்டு. வீடு வாங்கினால் பத்திரம் உண்டு. கணினிக்குள் இருக்கும் ஓர் உலகத்தில் காசு கொடுத்து நிலம் வாங்கி, அதில் நாமே வீடும் கட்டினால் அது யாருக்குச் சொந்தம்? இது விளையாட்டுக் கேள்வி இல்லைங்க. கோர்ட்டு வரைக்கும் போன கேள்வி.

அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்து லிண்டன் லேப் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு 'செகண்ட் லைஃப்' என்ற மெய்நிகர் உலகத்தைத் தொடங்கியது. அதில் நுழைகிறவர் தனக்கென்று ஓர் உருவம் எடுத்துக்கொண்டு நடமாடலாம், பிறரோடு பேசலாம், கடையும் வைக்கலாம். அங்குள்ள சட்டை, நாற்காலி, கட்டடம் எல்லாம் பெரும்பாலும் பயனாளர்களே செய்தவை. அங்கே செல்லும் பணம் 'லிண்டன் டாலர்'. அதை நிஜ டாலராகவும் மாற்றிக்கொள்ளலாம்.

செய்தவருக்கு என்ன உரிமை?

சொந்தமாக வரைந்தவருக்கும் எழுதியவருக்கும் பதிப்புரிமை உண்டு என்பது பொதுவான சட்டம். ஆனால் நிறுவனங்கள் வாசலிலேயே ஓர் ஒப்பந்தத்தைக் காட்டி 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தச் சொல்கின்றன. அந்த உரிமை யாரிடம் தங்கும் என்பதைப் பெரும்பாலும் அந்த ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது.

பயனாளர் செய்த பொருளின் பதிப்புரிமை அவரிடமே இருக்கும் என்று லிண்டன் லேப் 2003 நவம்பரில் அறிவித்தது. பிளிசார்ட் நிறுவனமோ வேறு வழியில் போனது. அதன் 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டுக்குள் ரசிகர்கள் உருவாக்கிய 'டோட்டா' பெரும் புகழ் பெற்றது. ஆனால் 2013-ல் 'டோட்டா 2' வெளிவந்தது வால்வ் என்ற வேறொரு நிறுவனத்திடமிருந்து. பிற்பாடு 2020-ல், தன் விளையாட்டுக்குள் யார் எந்தப் புது ஆட்டம் உருவாக்கினாலும் அது தனக்கே சொந்தம் என்று பிளிசார்ட் விதி எழுதிவிட்டது.

உரிமை வேறு, பொருள் வேறு

பதிப்புரிமை நம்மிடம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பாட்டு எழுதியவருக்குப் பாட்டின் உரிமை உண்டு. ஆனால் எழுதின நோட்டு அடுத்தவர் பெட்டியில் பூட்டிக் கிடந்தால் என்ன செய்வார்? செகண்ட் லைஃபில் கட்டிய வீடும் நிறுவனத்தின் கணினியில்தான் இருக்கிறது.

2006-ல் மார்க் பிராக் என்ற வழக்கறிஞர் முறைகேடாக ஏலத்தில் நிலம் எடுத்தார் என்று சொல்லி, லிண்டன் லேப் அவர் கணக்கையே முடக்கியது. அவருடைய மற்ற நிலமும் பொருளும் சேர்ந்து போயின. அவர் வழக்குப் போட்டார். "ஒப்பந்தப்படி தகராறை மத்தியஸ்தரிடம்தான் தீர்க்க வேண்டும்" என்றது நிறுவனம். அந்த நிபந்தனை ஒருதலைப்பட்சமானது, செல்லாது என்று பென்சில்வேனியா கூட்டாட்சி நீதிமன்றம் 2007 மே மாதம் சொன்னது. அதே ஆண்டு இரு தரப்பும் சமரசம் ஆனதால், நிலம் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குத் தீர்ப்பு வரவே இல்லை!

என்ன பார்க்க வேண்டும்?

எந்த ஒப்பந்தத்திலும் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, நாம் செய்தது யாருக்குச் சொந்தம். இரண்டு, கணக்கை முடக்கினால் நம் பொருளையும் பணத்தையும் திரும்ப எடுக்க முடியுமா. மூன்று, சண்டை வந்தால் எந்த ஊரில், யாரிடம் முறையிட வேண்டும்.

எங்க வீட்டில் டிப்ளமோ வரைக்கும் வந்தவன் நான்தான் முதல் ஆள். எந்தத் தாளில் கைநாட்டு வைக்கிறதுக்கு முன்னாலும் அப்பா என்னைக் கூப்பிட்டு, "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா" என்பார். எழுத்து தெரியாத அவருக்கே அந்தக் கவனம் இருக்கு. படிச்ச நமக்கு இன்னும் கூடுதலா இருக்கணும். 'சம்மதம்' என்ற பொத்தானும் ஒரு கையெழுத்துதான் நண்பர்களே!