உங்களுக்குத் தெரியுமா?
அமெரிக்கக் கடைகளில் விற்கும் 'ஆர்கானிக் வேலி' பாலுக்கு முதலாளிகள், அந்த மாடுகளை வளர்க்கும் விவசாயிகளே! 1980-களில் அங்கே கடன் முற்றி, குடும்பப் பண்ணைகள் அடுத்தடுத்து ஏலத்துக்குப் போயின. 1988-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில் சில குடும்பங்கள் கைகோத்துத் தொடங்கிய கூட்டுறவுதான் ஆர்கானிக் வேலி. முதலில் விற்றது இயற்கை முறையில் விளைந்த காய்கறி. பால் பிறகுதான் வந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைக் குடும்பங்கள் இதன் உறுப்பினர்கள். இயக்குநர் குழுவை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தலைமையகமோ இன்றும் லா ஃபார்ஜ் என்ற சிற்றூரில்தான். 2021-இல் ஒரு பெரிய பால் நிறுவனம் வடகிழக்கு மாநிலங்களில் 89 பண்ணைகளின் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. நிர்க்கதியாக நின்ற அந்தக் குடும்பங்களில் பலவற்றை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது இந்தக் கூட்டுறவுதான்.